புடவைக் கவரும் எட்டு நாட்களும்

முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் யாரும் நம்புவதில்லை. காரணம் எளிமையானது: கைத்தோல். பன்னிரண்டு வருடம் மெத்தனாலோடும் குளோரோஃபார்மோடும் பழகிய விரல்கள் ஒரு கட்டத்தில் கையுறைக்கு உள்ளேயே வெடிக்க ஆரம்பித்தன. தோல் மருத்துவர் நீளமாகப் பேசாதவர். "வேலையை விடறீங்களா, கையை விடறீங்களா?" என்றார். வேலையை விட்டேன். இப்போது மந்தைவெளியில் வீட்டிலிருந்தபடி அறிவியல் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். மற்றவர்களின் கண்டுபிடிப்புகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் வேலை.

அடையாற்றில் நான் இருந்த தாவர வேதியியல் ஆய்வகம் இந்த வருடம் ஒரு நினைவு மலர் போடுகிறது. "அக்கா, பழைய கதை ரெண்டு பக்கம் எழுதுங்க. ஜாலியா எழுதுங்க" என்று இப்போதைய மாணவிகள் கேட்டார்கள். கேட்கச் சொன்னது அவர்களுடைய தலைவி நஸ்ரீன் என்று எனக்குத் தெரியும். ஜாலியாக எழுத எனக்கு வராது. வரிசையாக எழுத வரும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருடம் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினேன். இரண்டாம் வருடம் மற்றவர்கள் கழுவியதைச் சரிபார்த்தேன். மூன்றாம் வருடம் என் கையில் இலை கொடுத்தார்கள்.

அந்த இலை ஆடாதோடை. இருமலுக்குக் கஷாயம் வைக்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. நமக்கு மருந்தாக இருப்பது செடிக்கு ஆயுதம். அதற்கு ஓடத் தெரியாது. கடிக்க வருகிறவனைக் கசப்பால்தான் துரத்த வேண்டும். புழு கடித்த பிறகு அந்த இலை புதிதாக எதையாவது தயாரிக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. தயாரித்தால், நாளை அது ஒரு மருந்தாகலாம், அல்லது வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லிக்கு மாற்றாகலாம்.

மொட்டை மாடியில் வலை போட்ட கூடத்தில் தொட்டிச் செடிகள் இருந்தன. ஒரு செடியில் நல்ல இலையாகப் பார்த்து ஒரு புழுவை விட்டு, அது ஓடிவிடாமல் மல் துணிப் பையைக் கட்டுவோம். இரண்டு நாள் தின்ன விடுவோம். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் கடிபட்ட இலையையும் கடிபடாத இலையையும் வெட்டி எடுத்து, குழாய்த் தண்ணீரில் ஒருமுறை, காய்ச்சி வடித்த நீரில் இருமுறை கழுவி, ஒற்றி, உறைய வைத்து, அரைத்து, மெத்தனாலில் ஊற வைத்து, வடிகட்டி, இயந்திரத்தில் செலுத்துவோம். இயந்திரம் ஒரு தாளில் கோடு போடும். சாற்றில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் தன் நேரத்தில் அந்தக் கோட்டில் ஒரு முகடாக எழும். கடிபடாத இலையில் இல்லாத முகடு கடிபட்ட இலையில் எழுந்தால், அதுதான் நாங்கள் தேடும் பொருள்.

இதையெல்லாம் பதினேழு படிகளாகப் பிரித்து, லேமினேட் செய்து, என் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தேன். கூடவே 'பிளாங்க்' ஒன்றும் உண்டு. இலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்து ஓட்டிப் பார்ப்பது. அதிலும் முகடு வந்தால் அது செடியின் சரக்கு அல்ல, நம் பாத்திரத்தின் அழுக்கு.

எங்கள் தலைவி ஜானகி மேடம். மயிலாப்பூர்க்காரர். கோடு போட்ட தாளைக் கொண்டுபோய் நீட்டினால், முதலில் மூலையில் இருக்கும் பெயரை இடது உள்ளங்கையால் மூடிக்கொள்வார். "யாரோடதுன்னு சொல்லாதீங்கோ. தெரிஞ்சுண்டா கண்ணு ஏமாத்தும்" என்பார். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பி ஒருமுறை பார்ப்பார். சரியானது எப்படிப் பார்த்தாலும் சரியாக இருக்குமாம். கடைசியில் ஒரு 'ம்' சொல்வார். அந்த 'ம்'களை நான் வகை பிரித்து வைத்திருந்தேன். மூச்சு இல்லாத 'ம்' என்றால் மறுபடி செய். மூக்கால் வரும் 'ம்' என்றால் தப்பில்லை, புதிதாகவும் எதுவும் இல்லை. மூன்றாவது வகை, நீளமானது, முடிவில் கொஞ்சம் மேலே ஏறுவது. அதை அவர் வேறு ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரைகளைப் படிக்கும்போது மட்டும் கேட்டிருக்கிறேன். இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்தது எல்லாம் மூக்கு 'ம்'தான்.

அப்போதுதான் நஸ்ரீன் வந்தாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். அவளுடைய அத்தா மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். கண்ணாடியோடு வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, நான் இரண்டு கையாலும் பிடிக்கும் குடுவையை அவள் இரண்டு விரலில் தூக்குவாள். அவளிடம் பட்டியல் இல்லை. குறிப்பேட்டில் டீக்கறை இருக்கும். காலை ஏழு மணி இலையை எட்டே காலுக்கு வெட்டிவிட்டு, "சூரியன் இன்னைக்கு லேட்டுக்கா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். மேடமும் சிரிப்பார். நான் ஏழு மணிக்கு வந்ததற்கு யாரும் சிரித்ததில்லை.

அவள் வந்த ஆறாம் மாதம் அவளுடைய கடிபட்ட இலையில் ஒரு முகடு எழுந்தது. சின்ன முகடு அல்ல. தாளின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. கடிபடாத இலையில் அந்த இடம் வெறும் தரை. மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் வந்தது. பிளாங்க் சுத்தமாக இருந்தது. மேடம் வழக்கம்போல் பெயரை மூடிக்கொண்டு பார்த்தார். தாளைத் திருப்பவில்லை. அந்த நீளமான 'ம்' வந்தது. பிறகு, நான் ஒருநாளும் பார்த்திராதபடி, மூடியிருந்த கையை எடுத்துப் பெயரைப் படித்தார்.

"நஸ்ரீனா? இதை ஆத்துக்கு எடுத்துண்டு போறேன். நிதானமாப் பாக்கணும்."

என் தாள் எதையும் அவர் வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. அன்று 21எல் பேருந்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

பொறாமை என்பதை அதுவரை மற்றவர்களின் குணமாகத்தான் நினைத்திருந்தேன். எனக்கு வந்தபோது அது உழைப்பு மாதிரியே இருந்தது. சீக்கிரம் வந்தேன், தாமதமாகப் போனேன், அவள் செய்ததை எல்லாம் நானும் செய்தேன். என் கடிபட்ட இலையில் அந்த முகடு வரவே இல்லை. அதே செடி, அதே புழு, அதே இயந்திரம். அந்தச் சமயத்தில்தான் ஆய்வகத்துக்கு ஒரே ஒரு நிரந்தர விஞ்ஞானி பதவி வந்தது. நாங்கள் இருவரும் விண்ணப்பித்தோம். வெளியிலிருந்து வரும் இரண்டு பேராசிரியர்கள் முன்னால் ஆளுக்கு அரை மணி நேரம் பேச வேண்டும். அவளிடம் முகடு இருந்தது. என்னிடம் பதினேழு படிகள் இருந்தன.

பேச்சுக்குப் பத்து நாள் இருக்கும்போது மாடிக்குப் போனேன். செடிகளைப் பார்த்துக்கொள்பவர் எல்லப்பன் அண்ணன், நொச்சிக்குப்பத்துக்காரர், தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி தொங்கிக்கினு கீது? உன் பூச்சி எல்லாம் நல்லாத்தான் துன்னுது. அந்தப் பொண்ணு பூச்சிக்குத்தான் யோகம், ஏசி இல்லாத குறை."

"என்ன யோகம்ண்ணே?"

"உன்னுது துணிப்பையில கீது. அந்தப் பொண்ணோட பூச்சிக்குப் புடவை கவர்ல வாசம். டி. நகர்லருந்து வாங்கியாந்து ஊசில ஓட்டை போட்டு மாட்டிக்கீது. ஜிப்பு வச்சது. பூச்சி இன்னா பண்ணுதுன்னு வெளியேருந்தே பாக்கலாமாம். சினிமா மாதிரி."

போய்ப் பார்த்தேன். ரங்கநாதன் தெருவில் டஜன் கணக்கில் தொங்கும் அதே மெல்லிய கவர். கடிபட வைத்த இலைக்கு மட்டும் மாட்டியிருந்தாள். கடிபடாத இலை வெறுமனே காற்றில் இருந்தது. வெயிலில் கவர் சூடாகி இலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கை அருகில் கொண்டுபோனேன். புது மழைக்கோட்டு வாசனை.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் நடக்கிற விபத்து இது. பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்க ஒரு எண்ணெய் சேர்ப்பார்கள். அந்த எண்ணெய் சூட்டில் கசியும், மெத்தனாலில் கரையும், இயந்திரத்தில் அழகான முகடாக நிற்கும். செடியின் மருந்து என்று நம்பி அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு என்று படித்திருக்கிறேன். எங்கள் பிளாங்கில் அது சிக்கவில்லை, ஏனென்றால் கவர் மாடியில் இருந்தது. பிளாங்க் ஆய்வகத்தில் தொடங்கியது. பொருளின் எடையைப் பார்த்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் பெரிய கருவி எங்களிடம் கிடையாது. நஸ்ரீனின் சாற்றை அதற்காக வெளியே அனுப்பியிருந்தார்கள், முடிவு வரவில்லை.

புதன்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், கவரில் ஒரு துண்டு வெட்டி மெத்தனாலில் ஊற வைத்து ஓட்டினேன். நஸ்ரீனின் முகடு, அதே நேரத்தில், அதே உயரத்தில் எழுந்தது. தாளை மடித்துக் குறிப்பேட்டுக்குள் வைத்தேன்.

அன்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் வைத்திருந்தேன். புதன்: ஒருமுறை மட்டும் செய்தது நிரூபணம் ஆகாது. வியாழன்: மறுபடி செய்தாகிவிட்டது, ஆனால் மேடம் ஊரில் இல்லை. வெள்ளி: நான் போட்டியாளர், நான் சொன்னால் தப்பாக நினைப்பார்கள். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள்: எடை முடிவு வந்தால் தானே தெரிந்துவிடும். செவ்வாயிலிருந்து காரணம் தேடவில்லை. வெள்ளிக்கிழமை பேச்சு. இரண்டு பேராசிரியர்களில் ஒருவராவது கேட்பார், எதில் மூடினீர்கள் என்று. அவள் சிரித்துக்கொண்டே புடவைக் கவர் என்பாள். அந்தக் காட்சியை நான் விதவிதமாக ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் மூன்றாவது வரிசையில், வருத்தமான முகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

பேச்சுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம், அவள் என்னை விடவில்லை. "அக்கா, உங்க வழிதானே. அத்தா கடைக்கு ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போங்க. உங்களைப் பத்திச் சொல்லிச் சொல்லி அவருக்கு உங்களைப் பார்த்தே ஆகணுமாம்."

கடை ஓர் ஆள் அகலம். சுவர் முழுக்கச் சட்டங்கள். அவளுடைய அத்தா வெள்ளைத் தொப்பி, மூக்கில் இறங்கிய கண்ணாடி. "வாம்மா, வா. வித்யாதானே? இவ வேலையைக் கத்துக்கினது உங்கிட்டன்னு சொல்றா. வீட்ல ஒரு தட்டு கழுவ மாட்டா, தெரியுமா?"

"அத்தா!"

"உண்மைதானே பேட்டா." மேசையில் விரித்திருந்ததை என் பக்கம் திருப்பினார். நஸ்ரீனின் தாள். முகடு. சுற்றிலும் கிரீம் நிற அட்டை வைத்து, தேக்குச் சட்டம் வெட்டி, மேலே வைக்கக் கண்ணாடியும் அறுத்துத் தயாராக இருந்தது. "இந்தக் கடைல சாமி படம் போட்டாச்சு, கல்யாண போட்டோ போட்டாச்சு, காலமானவங்க படம் கணக்கே இல்ல. எம் பொண்ணு கண்டுபிடிச்ச கோட்டை மாட்டலன்னா எப்பிடி? அதோ, அந்த ஆணி. இவ லேப்ல சேந்ததுலருந்து காலியா வச்சிக்கிறேன்."

மனசாட்சி பேசியது என்று எழுத ஆசைதான். அது உண்மை இல்லை. என் அப்பா நான் என்ன வேலை செய்கிறேன் என்று உறவினர்களிடம் சொல்லும்போது 'ஏதோ லேப்' என்பார். இந்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் முகட்டுக்காக ஆணி ஒதுக்கியிருந்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

"சட்டம் போடாதீங்க பாய்" என்றேன்.

குறிப்பேட்டைத் திறந்து மடித்த தாளை எடுத்து அவளிடம் கொடுத்தேன். "இது உன் கவர். இலையே இல்லை. வெறும் கவர்."

அவள் இரண்டு தாள்களையும் கண்ணாடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கீழிருந்து விளக்கைக் காட்டினாள். இரண்டு முகடும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. நான் அழுகையை எதிர்பார்த்தேன். அவள் தாளின் மூலையைப் பார்த்தாள். எங்கள் இயந்திரம் தேதியைத் தானாகவே அச்சடித்துவிடும்.

"போன புதன்கிழமையா?"

அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"எட்டு நாளா வச்சிருந்தீங்களாக்கா?"

அவளுடைய அத்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா, கோடு தப்பா?"

"கோடு சரிதான் அத்தா. செடியோடது இல்ல. புடவைக் கவரோடது." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் லேபுக்குப் போய்ட்டு வரேன்." என்னைக் கூப்பிடவில்லை.

மறுநாள் நான் முதலில் பேசினேன். பதினேழு படிகளையும் விளக்கினேன். பேராசிரியர்கள் தலையசைத்தார்கள். மேடம் மூக்கால் 'ம்' என்றார்.

பிறகு அவள். முதல் படமே அந்தப் பெரிய முகடு. "இது என் கண்டுபிடிப்புன்னு நேத்து வரைக்கும் நினைச்சேன். இது டி. நகர் புடவைக் கவர்" என்றாள். அறை சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை; பெயரைப் பார்க்கக் கையை எடுத்தவர் அவர்தானே. "என் சீனியர் வித்யா அக்கா கவரை மட்டும் தனியா ஓட்டிப் பார்த்துச் சொன்னாங்க. அவங்க இல்லன்னா இதோட நான் இங்க நின்னிருப்பேன்." தேதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த படத்தைப் போட்டாள். எங்கள் இயந்திரம் தாளில் இருக்கும் உயரமான முகட்டை வைத்துத்தான் மற்றவற்றின் உயரத்தைச் சுருக்கும். பெரியது ஒன்று நின்றால் சின்னவை தரையோடு தரையாகிவிடும். அவள் கவரின் முகட்டை நீக்கிவிட்டுக் கோட்டைப் பெரிதாக்கியிருந்தாள். தொடக்கத்தில், யாரும் பார்க்காத இடத்தில், ஒரு சின்ன முகடு. கவரில் அது இல்லை. கடிபடாத இலையில் இல்லை. பழைய மூன்று ஓட்டத்திலும் இருந்தது.

"சின்னதுதான். ஆனா இது செடியோடது" என்றாள்.

பேராசிரியர்களில் வயதானவர் நிமிர்ந்தார். "உங்க சீனியரும் இதே செடி, இதே புழு. துணிப்பை வேற. அவங்க தாள்ல இது வந்திருக்கணுமே?"

நஸ்ரீன் என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்கு முந்தின நாளே வந்திருக்கிறது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"அவங்க முறைப்படி இலையை மூணு தடவை கழுவுவாங்க சார். நான் சோம்பேறி, கழுவ மாட்டேன். இது கடிச்ச விளிம்புல கசியற பிசின்ல இருக்குன்னு நினைக்கிறேன். தண்ணில போயிடும்."

நான்காவது படி. என் லேமினேட் அட்டையில், சிவப்பு மையில் அடிக்கோடிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை, இரண்டு வருடம், அந்தப் பொருளை என் கையால் எடுத்து, என் கையால் குழாயடியில் காட்டி, தொட்டியில் ஊற்றியிருக்கிறேன். சுத்தமாக ஊற்றியிருக்கிறேன். அன்று மதியமே கழுவாத இலை ஒன்றை எடுத்து ஓட்டினேன். சின்ன முகடு வந்தது, பிசிறில்லாமல், அவளுடையதைவிட அழகாக. யாரிடமும் காட்டவில்லை. காட்டி என்ன, இரண்டாவதாக வந்தது.

பதவி அவளுக்குத்தான். பின்னால் வெளியே அனுப்பியிருந்த எடை முடிவு வந்து, பெரிய முகடு பிளாஸ்டிக் எண்ணெய்தான் என்றது. சின்ன முகட்டுக்காக அவள் மேலும் நான்கு வருடம் உழைத்தாள். புழு அந்தப் பிசினைத் தொட்டால் தின்பதை நிறுத்துகிறது என்று காட்டினாள். கட்டுரையில் என் பெயரை இரண்டாவதாகப் போட்டாள். செய்முறைப் பகுதியை என்னையே எழுதச் சொன்னாள். 'இலைகள் கழுவப்படவில்லை' என்ற வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு மத்தியானம் ஆனது.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. ஒருமுறை கேட்கப் போனேன். கரைப்பான் அறையில், இருவருக்கும் முகமூடி. "அந்த எட்டு நாள்..." என்று ஆரம்பித்தேன்.

"எந்த எட்டு நாள்?" என்றாள். "அக்கா, அந்த ஃபனலைக் கொஞ்சம் எடுங்க."

அவளுக்குப் பதவி வந்த பிறகு ஏழு வருடம் அதே அறையில், அவளுக்குக் கீழே வேலை பார்த்தேன். மேடம் ஓய்வு பெற்ற நாளில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ மட்டும் அன்னிக்கு அந்தக் கவரைக் கண்டுபிடிச்சுச் சொல்லலேன்னா நம்ம மானம் போயிருக்கும். நஸ்ரீன் எப்பவும் சொல்லிண்டே இருப்பா, அக்கா உடனே சொன்னான்னு" என்றார். உடனே. அந்த வார்த்தையை அவள் சேர்த்திருக்கிறாள். யாரும் கேட்காமலே.

நான் எதற்கெல்லாம் அவள்மேல் பொறாமைப்பட்டேன் என்று கணக்கெடுத்தால் முகடு, பதவி, மேடத்தின் நீளமான 'ம்', கச்சேரி ரோட்டு ஆணி எல்லாம் வரும். காலம் போகப் போக அவை வயிற்றில் தங்கவில்லை. தங்கியது அந்த 'உடனே'தான். என் இடத்தில் அவள் இருந்திருந்தால் உடனே சொல்லியிருப்பாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தத் தேதியை மேடையிலேயே படித்திருப்பேன். அவள் படிக்கவில்லை. அத்தனை வருடமும் என் நல்ல பெயர் அவளுடைய பையில் இருந்தது, அவளும் அதைக் கசங்காமல் வைத்திருந்தாள்.

ஆகவே, மலர்க் குழுவுக்கு: இதில் எதையும் வெட்ட வேண்டாம், நஸ்ரீன் வெட்டச் சொன்னாலும். சொல்வாள். கவரை ஓட்டியது புதன்கிழமை மதியம். சொன்னது அடுத்த வியாழக்கிழமை மாலை. நடுவில் எட்டு நாள். இனி இதை எல்லோரும் படித்திருப்பார்கள். எனக்காக மறைத்துவைக்க அவளிடம் எதுவும் இருக்காது. அந்த ஒன்றிலாவது நான் முந்திக்கொள்கிறேன்.